மங்கம்மா வீட்டுக் கைப்பிடிகள்

குளியலறைப் பக்கமிருந்து பிளாஸ்டிக் குவளை உருளும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, நனைந்த கோணி மூட்டையைத் தரையில் போட்டது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

சமையல்கட்டில் உட்கார்ந்து, விற்காமல் மிஞ்சிய காரப்பொடி மீனை ஆய்ந்துகொண்டிருந்த மங்கம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனாலும் லாஞ்சு ஓட்டுகிறவன் கத்தக் கூடாது, அவன் குரல் உடைந்தால் கூட இருக்கிற அத்தனை பேருக்கும் கை கால் ஓடாது என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்த மனுஷன் ராமதாஸ். வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்த வீம்பு மட்டும் விழாமல் நின்றது.

செதில் ஒட்டிய கையோடு ஓடினாள்.

குளியலறைத் திட்டுக்கு அந்தப் பக்கம், ஈரத் தரையில், ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டு ராமதாஸ் கிடந்தார். லுங்கி விலகியிருந்தது. அதை மூடிக்கொள்ளக்கூட அவர் முயலவில்லை. இடது கையில் பிடித்திருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை இழுத்துக் கட்டியிருந்த கயிறு, ஒரு முனை அவிழ்ந்து அவர் மார்பின்மேல் சுருண்டு கிடந்தது.

"அடி பட்டுச்சாயா?" என்று கேட்டாள்.

"அவுந்துகிச்சுமே," என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையில் இருந்த வெட்கம், விழுந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது. ஏனென்றால் அது அவர் முடிச்சு.

அவர்கள் வீடு திருவொற்றியூர்க் குப்பத்தை ஒட்டிய அடுக்குக் குடியிருப்பில், தரைத்தளத்தில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடு. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, கை நீட்டினால் நாலு பக்கமும் சுவர் தட்டும் ஒரு குளியலறை. அதற்குள் போக முழங்கால் மடக்கித் தாண்ட வேண்டிய ஒரு திட்டு. உள்ளே கக்கூஸ் பீங்கான் இன்னொரு மேடைமேல். காலில் தெம்பு இருந்தவரை அந்தத் திட்டை யாரும் கவனித்ததில்லை. ராமதாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான் அது ஒரு மனுஷனுக்கு மலையாக நிற்கும் என்று மங்கம்மா கண்டாள்.

இடித்துக் கட்டலாமென்றால் ஆளை வைத்து இடிக்க வழியில்லை. கம்பி பதிக்கலாமென்றால் சுவர் தாங்காது. கடற்காற்று உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்ட சுவர் அது. காலண்டர் மாட்ட ஆணி அடித்தாலே மாவாகக் கொட்டும். அதில் பதித்த கம்பியை நம்பி ஒருவன் சாய்ந்தால் கம்பியும் அவனும் ஒன்றாக வந்துவிடுவார்கள்.

ஆகவே எதையும் உடைக்காமல், எதையும் பதிக்காமல், கையில் கிடைத்ததை வைத்து அந்த வீட்டைப் புருஷனுக்கு ஏற்றதாக மாற்றினாள் மங்கம்மா. மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் திட்டுக்கு முன்னால் படியாக வைத்தாள். கால் வழுக்காமலிருக்க அதன்மேல் பழைய வலைத் துண்டை நாலாக மடித்து இழுத்துத் தைத்தாள். கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுப் பீங்கானுக்கு மேல் நிறுத்தினாள். கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுவதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது. வழியில் கிடந்த குடம், பாய், ஸ்டூல் எல்லாம் சமையல்கட்டுக்குள் போய் அடைந்தன. அவள் படுக்கிற இடமும் அங்கேதான் போயிற்று.

கயிறு மட்டும் ராமதாஸின் யோசனை. வாதம் வந்த பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தை அவள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். லாஞ்சிலிருந்து பழைய கயிறு வரவழைத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கட்டளை போட்டார். இப்படிச் சுத்து, அப்படி வாங்கு, வாலை வுடு. அவருடைய இடது கை விரல் அவள் விரல்மேல் ஊர்ந்து வழிகாட்டியது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் அவர் அவள் கையைப் பிடித்திருந்ததில்லை.

கடலில் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். ஆனால் தொங்குகிற வாலை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். வலை எங்காவது மாட்டி லாஞ்சு சாயும்போது நின்று நிதானமாக முடிச்சு அவிழ்க்க யாருக்கு நேரம்? அவிழாத முடிச்சு ஆளைத் தின்னும் என்றே அவர்கள் பழகியிருந்தார்கள். அதனால் வீட்டுக் குழாயிலும் அதே முடிச்சைத்தான் போடச் சொன்னார். போட்டவளுக்கும் வேறொன்று தோன்றவில்லை. சோப்புக் கை வழுக்கி, பிடிமானம் தேடித் துழாவும் ஒருவனுடைய கைக்கு முதலில் அகப்படுவது அந்த வால்தான் என்பதை இருவருமே நினைக்கவில்லை.

இப்போது அதைப் பற்றிப் பேச நேரமில்லை. அவள் குந்தி உட்கார்ந்து, அவர் அக்குள்களுக்கு அடியில் கை கொடுத்து, மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்றுகிற அதே மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். பாதி தூக்கியதும் அடிவயிற்றில் எதுவோ கழன்று இறங்கியது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் தூக்கினாள். அவரைக் கட்டிலில் சேர்த்துத் தலை துவட்டி, வேறு லுங்கி கட்டிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனபோதுதான் தன் புடவையில் ரத்தத்தைப் பார்த்தாள்.

அது புதிதல்ல. வெகுநாளாகவே கீழே ஏதோ இறங்கி நிற்பதை அவள் உணர்ந்திருந்தாள். பாரம் சுமந்த பெண்களுக்கு இதெல்லாம் வருவதுதான் என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ராயபுரம் வரை மீன் விற்கப் போய் வந்தாள். ரத்தம்தான் புதிது.

எதிர்வீட்டுச் செங்கொடி அவளை விடவில்லை. மீன் வாங்கப் போகும்போது உடன் வருகிறவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். ஒம் புருஷன் லாஞ்சா இன்னா, நீ ஒருத்தியே கரைக்கு இழுக்க, என்று திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு இட்டுப்போனாள். லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது, புண்ணாகியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. அதுவரைக்கும் தூக்கக் கூடாது.

"வீட்ல நீங்க தூக்கிவிட வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

மங்கம்மா இல்லை என்று தலையாட்டினாள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் பயந்தவளுக்கு அன்று பயமில்லை. குத்தட்டும் என்றே நினைத்தாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் செங்கொடி ஒரே ஒரு வழியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகன் பிரகாஷ் மணலி புதுநகரில் இருக்கிறான். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கீழ்வீடு, திட்டு இல்லாத வாசல், உட்காருகிற கக்கூஸ். அப்பனைச் சில மாதம் வைத்துக்கொள்ளச் சொல். ஆபரேஷன் முடியட்டும்.

"இன்னாத்துக்குன்னு கேட்டா?" என்றாள் மங்கம்மா.

"உள்ளத சொல்லு."

"ஆம்பளப் புள்ளகிட்ட இத்த எப்டிடி சொல்றது?"

"அப்ப நா சொல்றேன்."

செங்கொடி சொல்லக் கூடாது என்று மங்கம்மா அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊரெல்லாம் கூவி மீன் விற்ற வாய்தான் அது. போலீஸ்காரனிடம் சண்டை போட்ட வாய்தான். ஆனாலும் தான் பெற்றவனிடம், அவன் பிறந்து வந்த இடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

புருஷனிடம் சொல்லலாம்தான். அதில்தான் பெரிய பயம் இருந்தது. விழுந்த நாளிலிருந்து ராமதாஸ் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. குளியலறைக்குப் போகிற தேவையையே குறைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தன்னைத் தூக்கியதால்தான் அவளுக்கு இந்தக் கதி என்று தெரிந்தால் சோற்றையும் நிறுத்திவிடுவார். சத்தமில்லாமல், ஒரு வார்த்தை குறை சொல்லாமல், கட்டிலில் படுத்தபடியே செத்துப்போவார். அந்த மனுஷனை அவளுக்குத் தெரியும்.

மருமகளிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஜெயஸ்ரீயும் பெண்தானே, ஒரு பிள்ளை பெற்றவள்தானே. போன் போட்டாள். ஜெயஸ்ரீ ஓரிரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு, அவரு இருக்காரு அத்த, பேசுங்க, என்று போனைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். மங்கம்மா விழுங்கி விழுங்கிச் சொன்னாள். நைனா விழுந்துட்டாரு. கொஞ்ச நாளு உன் வூட்ல வச்சிக்க நைனா. மகனையும் நைனா என்று கூப்பிடுவதுதான் அவள் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான்.

அந்த ஞாயிறு வரை அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கடவுள் பகையாளிக்கும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இது கடைசி, ஞாயிறு வந்துவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ராமதாஸின் சட்டைகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தாள். அவருடைய மாத்திரைகள், கண்ணாடி, சவர செட்டு எல்லாம் அதில் போயின. அவர் கேட்டபோது, அலமாரியைத் துடைக்கிறேன் என்றாள்.

பிரகாஷ் வந்தான். ஜெயஸ்ரீ வரவில்லை. அவளுக்குத் தலைவலி என்றான். அந்த ஒரு சொல்லில் மங்கம்மா மனசுக்குள் கட்டி வைத்திருந்த பாதி வீடு இடிந்தது. மீதி பாதி, அவன் பைக்கின் பின்னாலிருந்து இறக்கி வைத்த பெரிய மூட்டையைப் பார்த்ததும் ஆடத் தொடங்கியது.

"இன்னாடா இது?"

"எல்லாம் நைனாவுக்குத்தாம்மா. பாரேன் இப்ப."

அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பனியனோடு வேலையில் இறங்கினான். குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளை எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படித்தான் செய்தான். குளியலறைப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். ஓட்டை நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கைவைக்கிற கமோடு சேரைப் பிரித்து நிறுத்தி, தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தான். பொடிப்பொடியாகப் புடைப்பு வைத்த ரப்பர் மேட்டைத் தரையில் விரித்தான். ஆள் நடமாடினால் தானே எரிகிற சின்ன விளக்கைக் கட்டில் காலில் ஒட்டினான். மீன் பெட்டிப் படியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இது நல்லாத்தான் கீது, யாரு ஐடியா, என்று கேட்டான். கட்டில் முனைக்குப் பஞ்சு சுற்றினான். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது, ஒரு ஆணிகூட அடிக்காமல் வீட்டையே மாற்றலாம் என்று அதில் காட்டுகிறார்கள் என்றான்.

உறிஞ்சிப் பிடிக்கிற கைப்பிடிதான் மக்கர் செய்தது. அழுத்தி அழுத்தி ஒட்டினான். உப்புப் பூத்த சுவர் அதைத் துப்பிவிட்டது. அவன் சளைக்கவில்லை. இதுவும் தெரியும் என்பது போல மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். தரைக்கும் கூரைக்கும் நடுவில் திருகி முறுக்கி நிறுத்துகிற இரும்புக் கம்பம். கட்டிலுக்கும் குளியலறை வாசலுக்கும் நடுவில் அது நின்றது. தொங்கிப் பார்த்தான்; அசையவில்லை.

மங்கம்மா வாசற்படியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. என்ன சாமர்த்தியம், என்ன கரிசனம் என்று கண் கலங்கியது. ஆனால் ஒவ்வொன்றாக வீடு மாறிக்கொண்டே வர, நெஞ்சுக்குள் ஒரு குளிர் ஏறியது. அழைத்துப் போகிறவன் எதற்காகக் கம்பம் நட வேண்டும்? இந்த வீடு எவ்வளவுக்கு எவ்வளவு நல்லதாகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்த வீட்டின் கதவு மூடிக்கொண்டு வருகிறதே. அவன் தேய்த்த தேய்ப்பும் முறுக்கிய முறுக்கும் அவள் கேட்ட கேள்விக்குப் பதில்தான் என்று அவளுக்குப் புரிந்தபோது, அவனுக்குக் கொண்டுவந்த காபி ஆறிப்போயிருந்தது.

கடைசியில் அவன் கயிற்றிடம் வந்தான். மறுபடி கட்டி வைத்திருந்தாள், அதே முடிச்சில். வேறு முடிச்சு அவளுக்குத் தெரியாது. பிரகாஷ் கடலுக்குப் போனவனல்ல. போகவிடாமல் படிக்க வைத்தவரே ராமதாஸ்தான். அவன் தொங்கிய வாலை விளையாட்டாகச் சுண்டினான். கயிறு சரசரவென்று அவிழ்ந்து காலடியில் விழுந்தது.

அவன் முகம் மாறியது.

"இத்தப் புடிச்சுதான் விழுந்தாரா? எவன் கட்டுனது இது?"

கட்டிலில் ராமதாஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாயின் இடது ஓரம் மட்டும் லேசாகத் துடித்தது. எத்தனை புயலில் எத்தனை பேரைக் கரை சேர்த்தவர். மகன் முன்னால், தன் வீட்டுக்குள், தன் முடிச்சால் விழுந்தவராக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை மங்கம்மாவால் பார்க்க முடியவில்லை.

"நாந்தான் கட்னேன்," என்றாள். "தெரியாம கட்டிட்டேன்."

ராமதாஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று சொல்ல ஆயிரம் வார்த்தை வேண்டும்.

பிரகாஷ் தலையில் கைவைத்துக்கொண்டான். கோபமில்லை, நிம்மதி. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய நிம்மதி.

"அப்ப நைனாவுக்கு ஒண்ணுமில்லம்மா. கயிறுதான் பேஜாரு. நா என்னமோ அவருக்குக் காலு இன்னும் மோசமாயிடுச்சு, இங்க வச்சிக்கவே முடியாதுன்னு நெனச்சிகினு வந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இனிமே விழமாட்டாரு, பாரு."

கயிற்றைச் சுருட்டி வெளியே எறிந்தான்.

புருஷனின் மானத்தைக் காக்கச் சொன்ன ஒரு பொய், தன் உயிரைக் காக்க வந்த ஒரே காரணத்தைத் தட்டிவிட்டதே. இப்போது பேசாவிட்டால் எப்போதும் பேச முடியாது. அவனைச் சமையல்கட்டுக்குள் அழைத்தாள். குரலை இறக்கினாள்.

"என்னால தூக்க முடில நைனா. டாக்டரு வெயிட்டு தூக்கக் கூடாதுன்றாங்க."

"எப்ப டாக்டருகிட்ட போன? இன்னா உனக்கு?"

அவன் அவளையே பார்த்தான். நெற்றியில் வியர்வை, மூக்கில் பிளீச்சிங் பவுடர் பொடி. சின்னப் பிள்ளையில் மணலில் விளையாடிவிட்டு வந்து நிற்கிற அதே முகம். அந்த முகத்தைப் பார்த்து அந்தச் சொற்களைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"முதுகாம்மா?"

அவன் கொடுத்த அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

பிரகாஷ் சுவரில் சாய்ந்தான். ஜெயஸ்ரீயிடம் கேட்டேன், அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அவர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், இடமில்லை என்கிறாள், சண்டையாகிவிட்டது என்று உடைத்துச் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணும் கலங்கியது. பிறகு திடீரென்று நிமிர்ந்து, "சரி மா. அவ இன்னா சொன்னா இன்னா. நா இட்டுகினு போறேன். என்னா ஆயிடும்? பாத்துக்கலாம்," என்றான்.

மங்கம்மாவுக்குக் காலடியில் தரை திரும்பி வந்தது. அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

"டேய் பிரகாசு."

கூடத்திலிருந்து ராமதாஸின் குரல். வாதம் வந்த பிறகு குழறிப் போயிருந்த குரல் அன்று தெளிவாக வந்தது. அந்த வீட்டில் ரகசியம் பேச ஏது இடம்? அவள் மெல்லச் சொன்னது எட்டாவிட்டாலும், மகன் சொன்ன சண்டை முழுவதும் கேட்டிருந்தார்.

"நா எங்கியும் வர்ல. எனக்காக உன் வூட்ல சண்ட வாணாம். அதான் எல்லாம் வச்சுக் குடுத்துட்டியே. ராஜா மாதிரி கீது. எம் பொண்டாட்டி என்ன பாத்துப்பா."

மகனைச் சங்கடத்திலிருந்து விடுவித்தார் தகப்பன். தன்மேல் பழியைப் போட்டுக்கொண்ட மனைவியைத் தன்னால் முடிந்த அளவு மகன் அறியப் பாராட்டினார் புருஷன். அன்பைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. அந்த அன்புதான் மங்கம்மாவின் கழுத்தில் கால் வைத்து நின்றது.

பிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தானா, சொல்லக் கூடாதே என்று பார்த்தானா, அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் சொல்ல வேண்டியது, புருஷன் காதில் விழாமல் சொல்ல முடியாதது. அவள் தலைகுனிந்துகொண்டாள்.

"அப்ப முதுகுக்கு ஒண்ணு கீதும்மா," என்று அவன் மறுபடி உற்சாகமாகிவிட்டான். மூட்டையின் அடியிலிருந்து அகலமான ஒரு பெல்ட்டை எடுத்தான். இரண்டு பக்கமும் கைப்பிடி தைத்த பெல்ட். அப்பாவின் இடுப்பில் அதைக் கட்டி இறுக்கினான். இதைப் பிடித்துத் தூக்கினால் தூக்குகிறவர்களுக்கு முதுகு வலிக்காது, ஆஸ்பத்திரியில்கூட இப்படித்தான் தூக்குகிறார்கள் என்று விளக்கினான்.

"எங்க, எனக்கு முன்னாடி ஒரு தபா தூக்கு. சரியா செய்றியான்னு பாத்துட்டுப் போறேன்."

"அப்புறம் பாத்துக்கறேன் நைனா. நீ வுட்டுட்டுப் போ."

"நா பாத்தாத்தாம்மா எனக்கு நிம்மதி."

அவன் நிம்மதி என்றதும் அவளுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று. முந்தானையைச் செருகிக்கொண்டு கட்டில் முன்னால் நின்றாள். கைப்பிடிகளைப் பிடித்தாள். ராமதாஸ் தன்னால் முடிந்த மட்டும் இடது காலை ஊன்றி உதவினார். அவள் சிரமப்படக் கூடாது என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஊன்றினார். அவள் மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

அவர் எழுந்து நின்றார். இரும்புக் கம்பத்தை எட்டிப் பிடித்தார். நின்றார்.

"பாத்தியா, எவ்ளோ ஈசி," என்று கைதட்டினான் பிரகாஷ்.

"ஆமாடா," என்றாள் மங்கம்மா. புடவைக்குள் தொடையோரம் வெதுவெதுப்பாக ஒன்று இறங்கி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கட்டியிருந்த துணி கனத்தது. அவள் சிரித்தாள். பெற்றவள் சிரிப்பு அது. அதைப் பார்த்து ஏமாறாத பிள்ளை உலகத்தில் எங்கே இருக்கிறான்?

ராமதாஸும் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பிரகாஷ் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். கம்பத்தைப் பிடித்தபடி அப்பா, பக்கத்தில் அம்மா. ஜெயஸ்ரீக்கு அனுப்பினான். உடனே ஒரு கும்பிடும் ஒரு பூவும் பதிலாக வந்தன. அதை அவர்களுக்குக் காட்டினான்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்கள், மணலி ரோட்டில் டேங்கர் லாரி நெரிசலாகிவிடும் என்று மறுத்துவிட்டான். அவள் வறுத்து வைத்திருந்த மீனை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பேரனுக்கு முள்ளெடுத்துக் கொடுக்கச் சொன்னாள். அலமாரியோரம் மடித்து வைத்திருந்த பையை அவன் பார்த்துவிட்டு, இது இன்னா என்று கேட்டான். பழைய துணி என்றாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எதுனா ஒண்ணுன்னா போன் பண்ணும்மா. முதுக மறுபடி காட்டு டாக்டருகிட்ட. எண்ணெ தேச்சுக்க," என்றான்.

"சரி நைனா."

"பயமில்லல்ல இப்ப?"

"இல்லடா. நீ பாத்துப் போ."

அவன் குனிந்து, வழக்கத்துக்கு மாறாக, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். புடவைக் கரையில் கறை தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். ஆசீர்வாதம் செய்ய வெட்கப்படுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான்.

பைக் கிளம்பியது. தெருமுனையில் திரும்புகிறபோது கையாட்டினான். செங்கொடி வீடு பூட்டிக் கிடந்தது. மீஞ்சூரில் யாருக்கோ வளைகாப்பு என்று காலையிலேயே போயிருந்தாள். பைக் சத்தம் லாரிச் சத்தத்தில் கரைந்த பிறகும் மங்கம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு அவன் போய்விட்டான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, அவன் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மங்கா," என்றார் உள்ளேயிருந்து ராமதாஸ். "காத்தடிக்குது. சாத்துமே."

அவள் கதவைச் சாத்தினாள்.